வெண்மையும் மிளிர்வும்: பெருநெடுக்கக் காணொளியில் வாணிக விளம்பரம்

தமிழில் ஒளியைக் குறிக்கும் சொற்கள் பல. சுடர்தல், ஒளிர்தல், மிளிர்தல், துலங்குதல், மின்னுதல் என அவை அடுக்கிவரும். இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று மாணவர்க்குச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும் உற்று நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலப்படாமற் போகாது. வெயிலில் உலர்த்திய வேட்டி வெளுத்திருக்கிறது. அதனை மிளிர்கிறது என்று ஒருவரும் சொல்லார். துலக்கி வைத்த பித்தளைக் குடத்தின் வளைவில் ஞாயிற்றொளி பட்டுத் தெறிக்குமிடம் மிளிர்கிறது. அதனை வெளுத்திருக்கிறது என்றால் கேட்பார் நகைப்பர். வெண்மை வேறு, மிளிர்வு வேறு. மக்கள் வழக்கு நெடுங்காலமாக அறிந்துள்ள இவ்வேறுபாட்டைத் தொலைக்காட்சிப் பெட்டி அண்மைக்காலம் வரை அறியாதிருந்தது. அறிந்துகொண்ட பெட்டிதான் இன்று ‘எச்.டி.ஆர்.’ என்னும் மூன்றெழுத்தை நெற்றியிற் பொறித்துக்கொண்டு கடைகளில் நிற்கிறது.

இம்மூன்றெழுத்தின் விரிவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உயர் இயங்கு வீச்சு’ என்று வரும். எது இயங்குகிறது, எது வீசுகிறது என்பது அத்தொடரால் விளங்காது. ‘ஒளிவீச்சு’ என்றால் ஒளி வீசுதல் என்று மயங்க இடமுண்டு. ஒரு படத்தில் காட்டத்தகும் மிக இருண்ட புள்ளிக்கும் மிக ஒளிர்ந்த புள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவே ஈண்டுக் கருதப்படும் பொருள். ஆதலின் இக்கட்டுரையில் அதனை ‘ஒளிநெடுக்கம்’ என்றும், அது மிகப் பெற்ற படத்தைப் ‘பெருநெடுக்கக் காணொளி’ என்றும் வழங்குவோம். பழையதைக் ‘குறுநெடுக்கம்’ எனலாம்; குறுமையும் நெடுமையும் ஒரு சொல்லில் முட்டிக்கொள்வது வேடிக்கையே எனினும் பொருள் பிழையன்று.

ஒளிர்வை அளக்கும் அலகு ‘நிட்’ எனப்படும். ஒளிர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிற் பிறந்த சொல் அது. ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு கேண்டலா அளவு ஒளி புறப்பட்டால் அஃது ஒரு நிட். கேண்டலா என்பதும் மெழுகுவர்த்தி என்னும் பொருட்டே. பழைய தொலைக்காட்சிப் படத்தைத் தயாரிப்போர் தம் கூடத்தில் வைத்துப் பார்க்கும் அளவுகோற் பெட்டி 100 நிட் அளவே ஒளிரும். வேட்டியின் வெண்மையும் அந்த 100-க்குள்தான். குடத்தின் மிளிர்வும் அந்த 100-க்குள்தான். இரண்டும் ஒரே உச்சியில் முட்டி நின்றன. வெயிலில் கிடக்கும் வெள்ளைத் தாளோ ஏறத்தாழ 25,000 நிட் ஒளிர்கிறது. கண் கண்ட உலகத்துக்கும் பெட்டி காட்டிய உலகத்துக்கும் இருந்த தொலைவு இது.

படம் பிடிப்போர் இக்குறையை மிக முன்பே உணர்ந்தனர். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடற்காட்சிகளை எடுத்தபோது, கடலுக்கு ஒரு தகடும் வானுக்கு ஒரு தகடும் தனித்தனியே பிடித்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். ஒரு தகட்டில் இரண்டும் அடங்காமையே காரணம். பின்னர் எண்முறை ஒளிப்படத்தில் 1990-களிற் பலர் இதனையே கணக்கியல் வழியாகச் செய்தனர். ஆனால் அவர்கள் அனைவரும் பெருநெடுக்கத்தைப் பிடித்தபின் மீண்டும் குறுநெடுக்கத் தாளிலோ திரையிலோ அமுக்கிக் காட்டினர். அவ்வாறு அமுக்கிய படங்கள் ஓவியம்போல் செயற்கையாகத் தோன்றியதை நம்மிற் பலர் கண்டிருப்போம். பெருநெடுக்கக் காணொளி அதனின் வேறு. இங்கே அமுக்குதல் இல்லை, திரையே விரிகிறது.

விரிந்த திரைக்கு ஒரு புதிய எழுத்துமுறை வேண்டியதாயிற்று. திரைப்படத் தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் 2014-ல் ‘பி.கியூ.’ என்னும் வரைமுறையை வெளியிட்டது. சுழியிலிருந்து 10,000 நிட் வரை உள்ள ஒளிர்வை மனிதக் கண்ணின் நுட்பத்துக்கு ஏற்பப் படிப்படியாகப் பிரிப்பது அது. அதன் திறம் யாதெனின், படிகளைச் சமமாகப் பங்கிடாமையே. இருளில் சிறு மாறுதலும் கண்ணுக்குத் தெரியும். பேரொளியில் பெரிய மாறுதலும் தெரிவதில்லை. ஆதலின் மொத்தப் படிகளிற் பாதியளவு 100 நிட்டுக்குட்பட்ட பகுதிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. முக்கால் பங்கு ஏறும்போது 1,000 நிட். எஞ்சிய காற்பங்கு 1,000-லிருந்து 10,000 வரை. 10,000 நிட் என்றதும் அஞ்ச வேண்டா. ஒரு மெழுகுவர்த்திச் சுடரின் ஒளிர்வே ஏறத்தாழ அவ்வளவுதான். அதே காலத்தில் பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனமும் சப்பானின் என்.எச்.கே. நிறுவனமும் கூடி ‘எச்.எல்.ஜி.’ என்னும் மற்றொரு முறையை அமைத்தன. பழைய பெட்டியிலும் ஓரளவு ஒழுங்காகத் தெரியவேண்டும் என்பது அதன் நோக்கம். நேரடி ஒளிபரப்புக்கு அது மிக ஏற்றது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2016-ல் பி.டி. 2100 என்னும் பரிந்துரையில் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. டால்பி விஷன், எச்.டி.ஆர். 10, எச்.டி.ஆர். 10 பிளஸ் என்று பெட்டியின் உறையிற் காணும் பெயர்கள் பெரும்பாலும் பி.கியூ. முறையின் மேல் எழுந்த மாடிகளே. வாங்குவோர் அப்பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

நெடுக்கம் என்பது விகிதமே, உச்ச அளவு அன்று என்பதை ஈண்டு வற்புறுத்த வேண்டும். 2016-ல் தொலைக்காட்சித் தயாரிப்பாளரும் படக்குழுமங்களும் அடங்கிய ஒரு கூட்டமைப்பு உயர்தரப் பெட்டிக்கு இரண்டு வழிகளை வகுத்தது. உச்சம் 1,000 நிட்டும் கருமை 0.05 நிட்டும் உள்ள பெட்டி ஒன்று. உச்சம் 540 நிட்டே இருந்தாலும் கருமை 0.0005 நிட் அளவுக்குத் தாழும் பெட்டி மற்றொன்று. முதலாவதன் விகிதம் 20,000-க்கு 1. இரண்டாவதன் விகிதம் பத்து இலட்சத்துக்கும் மேல். இருள் ஆழமானால் சிறுவிளக்கும் பேரொளி தரும் என்பது இவ்வளவே. நடுப்பகலில் சாலையோரத்தில் ஆயிரக்கணக்கான நிட் ஒளிரும் மாபெரும் விளம்பரப் பலகையைப் பெருநெடுக்கம் என்று விற்போர் உளர். வெயில் பட்டு அதன் கருமை சாம்பலாகிவிட்ட பிறகு நெடுக்கம் எங்கே நிற்கும்?

இனி வாணிகத்துக்கு வருவோம். எந்தப் பண்டத்துக்கு இம்முறை பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைப் பொன்னையும் சலவைத்தூளையும் கொண்டு விளக்கலாம்.

பளபளப்பான பொருள் எதிலும் இருவகை ஒளி உண்டு. ஒன்று, பொருளினுட் புகுந்து சிதறி, அதன் நிறத்தை ஏற்று வெளிவருவது. மற்றொன்று, மேற்பரப்பிற் பட்டுக் கண்ணாடியிற்போல் தெறிப்பது. நெகிழிக் கிண்ணத்திலோ மெருகிட்ட மரத்திலோ அவ்வாறு தெறிக்கும் ஒளிக்குப் பண்டத்தின் நிறம் ஏறாது. விளக்கு வெள்ளையானால் தெறிப்பும் வெள்ளையே. உலோகத்தின் இயல்பு வேறு. பொன்னிலிருந்து தெறிக்கும் ஒளி பொன்னிறமாகவே தெறிக்கும். கண் பொன்னைப் பொன் என்று அறிவது பெரும்பாலும் இவ்வடையாளத்தால்தான். குறுநெடுக்கப் படத்தில் நிகழ்வது என்ன? சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலப்பே திரையின் நிறம். பொன்னின் மிளிர்வில் சிவப்பும் பச்சையும் மிகும், நீலம் குறையும். ஒளி ஏற ஏறச் சிவப்பும் பச்சையும் முதலில் உச்சியைத் தொட்டு நின்றுவிடுகின்றன. நீலம் பின்னால் ஏறிவந்து அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. மூன்றும் சமமானால் நிறம் வெள்ளையாகும். பொன்னிறமாக இருக்க வேண்டிய மிளிர்வு வெளிறிப் போகிறது. அதனாலேதான் பழைய விளம்பரப் படங்களில் வளையலும் ஆரமும் மஞ்சள் பூசிய நெகிழிபோல் தோன்றின. இது படமெடுத்தவரின் குற்றமன்று. 100 நிட் என்னும் கூரையின் குற்றம்.

பெருநெடுக்கத்தில் அக்கூரை உயர்கிறது. ஆரத்தின் மேனி 100 நிட்டிலும், அதன் விளிம்பில் தெறிக்கும் கீற்று 600 நிட்டிலும் நிற்கலாம். அந்த 600-லும் மூன்று ஒளிகளின் விகிதம் குலைவதில்லை. மிளிர்வு பொன்னிறமாகவே இருக்கிறது. பட்டுச் சேலையின் சரிகைக்கும் இவ்விளக்கம் பொருந்தும். இரவில் எடுத்த சிற்றுந்து விளம்பரத்தில் பின்விளக்கின் சிவப்பு வெளிறாமல் எரிவதும், குளிர்ந்த புட்டியின் மேல் வியர்த்த நீர்த்துளி ஒவ்வொன்றும் தனித்தனியே கண்ணிற் படுவதும் இக்காரணத்தாலேதான். கைக்கடிகாரம், மணிக்கல், கண்ணாடிக்கலம், மெருகிட்ட உந்து என மிளிர்வால் விலைபோகும் பண்டங்கள் எவையோ அவற்றுக்கே இம்முறை முதன்மையாக உரியது.

சலவைத்தூள் விற்பவர் நிலை வேறு. அவர் விற்பது மிளிர்வன்று, வெண்மை. வெண்மை என்பது ஒப்புமையாற் பிறப்பது. பக்கத்துச் சட்டையை விட இச்சட்டை வெளுத்திருக்கிறது என்பதே அவர் சொல்ல வந்த செய்தி. புதுத் திரை கிடைத்ததென்று சட்டையை 1,000 நிட்டுக்கு ஏற்றினால் அது வெளுத்த சட்டையாகத் தோன்றாது. விளக்கெரியும் சட்டையாகத் தோன்றும். பார்ப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொள்வார். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டி அறிக்கை ஒன்று இதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. தாள், சட்டை, எழுத்து முதலிய சாதாரண வெண்மையை 203 நிட் அளவில் நிறுத்துக என்பது அதன் பரிந்துரை. பி.கியூ. அளவையில் அது நூற்றுக்கு 58. அதற்கு மேலுள்ள இடமெல்லாம் மிளிர்வுக்கும் விளக்குக்கும் ஞாயிற்றுக்கும் விடப்பட்டது. வேட்டிக்கும் குடத்துக்கும் இடையே மக்கள் வழக்கு கண்ட வேறுபாட்டைப் பொறியாளர்கள் ஓர் எண்ணாக எழுதிவைத்தார்கள் எனலாம்.

இவ்வெல்லையை விளம்பரம் செய்வோர் மறப்பது முதன்மையாக மூன்று இடங்களில். ஒன்று, வெள்ளைப் பின்னணியில் பண்டத்தை நிறுத்திக் காட்டும் படம். இணையக் கடைகளில் இது பெருவழக்கு. பின்னணி முழுவதையும் ஏற்றிவிட்டால் பண்டம் கருநிழலாகும். மேலும், ஒளியுமிழ் டையோடுத் திரைகளில் பெரும்பரப்பு ஒருங்கே ஒளிர நேர்ந்தால், மின்செலவும் வெப்பமும் மிகாதபடி பெட்டி தானாகவே ஒளியைத் தாழ்த்திக்கொள்ளும். ஒரு சிறு மூலையில் 1,000 நிட் தரும் பெட்டி திரை முழுவதற்கும் அதனைத் தராது. பேராசைப்பட்டு எல்லாவற்றையும் ஏற்றியவருக்குக் கிடைப்பது மங்கிய படம். இரண்டாவது, வணிகச் சின்னமும் எழுத்தும். பழைய படத்துக்கென ஆக்கிய சின்னத்தில் வெள்ளைக்கு எண் 255, அதாவது உச்சம். அதனை மாற்றமின்றிப் பி.கியூ. படத்தில் ஒட்டினால், அந்த உச்சம் 10,000 நிட் கேட்கும் உச்சமாகிவிடும். முறைப்படி மாற்றி 203-ல் நிறுத்தினாலன்றி, பண்டத்தைக் காட்ட வந்த படம் கடையின் பெயர்ப்பலகையை முகத்தில் அறையும். மூன்றாவது, படிகளின் எண்ணிக்கை. எட்டு இருமக்கூறுகளால் 256 படிகளே கிடைக்கும், பத்தால் 1,024. விரிந்த நெடுக்கத்தை 256 படிகளில் ஏறச் சொன்னால், பண்டத்தின் பின்னால் மெல்ல நிழலாடும் சுவர் பட்டைபட்டையாகப் பிளந்து தெரியும். விலையுயர்ந்த பண்டத்துக்கு அதனினும் இழிவு வேறில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் பெரியோர் புலி மார்க்கு, கிளி மார்க்கு என்று படத்தைக் கொண்டு சரக்கை அறிந்தனர்; இக்காலப் பெருங்குழுமங்கள் நிறத்தையே மார்க்காகக் கொள்கின்றன. இங்கிலாந்தின் கேட்பரி நிறுவனம் தன் சாக்லேட் உறையின் ஊதாவை வணிகக்குறியாகப் பதிய 2004-ல் விண்ணப்பித்தது. நெஸ்லே நிறுவனம் எதிர்த்தது. உறையின் ‘பெரும்பான்மை நிறம்’ அவ்வூதா என்ற சொல்லமைப்பு போதிய வரையறை உடையதன்று என்று 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் அடைமொழியால் வழக்கு திரும்பியது என்பது தமிழாசிரியர்க்கு உவப்பளிக்கும். ஒரு நிறத்தை இவ்வளவு காக்கும் வணிகர் அது திரையில் எவ்வாறு தோன்றுகிறது என்பதிலும் கருத்தூன்றுவது இயல்பே. பழைய உயர்துல்லியத் தொலைக்காட்சியின் நிறப்பரப்பு, கண் காணும் நிறங்களைக் குறிக்கும் வரைபடத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும். 2012-ல் வகுத்த புதிய பரப்போ நான்கில் மூன்று பங்கை எட்டுகிறது. ஆயினும் இன்றுள்ள திரைகளிற் பெரும்பாலானவை அதனை முழுதும் எட்டுவதில்லை. எட்டாத நிறத்தைத் திரை தனக்கு எட்டும் நிறமாக மாற்றிக்கொள்கிறது. ஒரு திரையின் மாற்றம் மற்றொன்றை ஒத்திருப்பதில்லை. ஆதலின் சின்னத்தின் நிறத்தை எல்லாத் திரைகளுக்கும் பொதுவான பகுதியில் வைத்து, மிளிர்வை மட்டும் புதுப்பரப்பில் விளையாட விடுவோரே அறிவுடையோர்.

கைப்பேசியால் எழுந்த சிக்கல் தனியே கூறத்தக்கது. 2020-ல் வெளிவந்த ஐபோன் 12 டால்பி விஷன் முறையில் தானே படம்பிடித்தது. யூடியூப் 2016-லேயே பெருநெடுக்கத்தை ஏற்றிருந்தது. இவற்றால் பெருங்கூடங்களின் உடைமையாயிருந்த இம்முறை, சிரங்கூன் சாலையிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ சிறு நகைக்கடை வைத்திருப்பவர் கைக்கும் எட்டிற்று. இது நல்லதே. ஆனால் கைப்பேசித் திரையில் ஒரு விந்தை நிகழ்கிறது. வரிசையாக வரும் படங்களுக்கிடையே ஒன்று பெருநெடுக்கமாயின், அது சுற்றியுள்ள வெள்ளைத் தாளை விட ஒளிர்ந்து நிற்கும். இதனைக் கண்ட சிலர் படத்தின் நயத்துக்காக அன்றி, விரலை நிறுத்துவதற்காகவே ஒளியை ஏற்றத் தொடங்கினர். இரவில் விளக்கணைத்துப் படுக்கையிற் பார்ப்பவர்க்கு அது கண்ணில் அடித்தாற்போன்றது.

இதனையொத்த வரலாறு ஒலியில் முன்பே நடந்தது. நிகழ்ச்சியை விட விளம்பரம் உரத்து அலறியதைக் குறித்து நெடுங்காலம் முறையிட்டனர் மக்கள். அமெரிக்காவில் அதற்கெனவே 2010-ல் ஒரு சட்டம் இயற்றி, 2012 டிசம்பரில் நடைமுறைப்படுத்தினர். விளம்பரத்தின் சராசரி ஒலியளவு நிகழ்ச்சியின் அளவை மிஞ்சலாகாது என்பது அதன் சாரம். அச்சட்டம் இயன்றதற்குக் காரணம், செவி உணரும் உரப்பை அளக்கும் பொதுமுறை ஒன்று 2006-ல் வகுக்கப்பட்டிருந்தமை. அளவுகோல் இல்லாத இடத்தில் சட்டம் நில்லாது. ஒளிக்கோ அளவுகள் உள்ளன. எச்.டி.ஆர். 10 படத்தோடு இரண்டு எண்கள் உடன்செல்ல இடமுண்டு: படத்தின் மிக ஒளிர்ந்த புள்ளி எத்தனை நிட், மிக ஒளிர்ந்த சட்டத்தின் சராசரி எத்தனை நிட் என்பன அவை. 2024-ல் வந்த ஆண்டிராய்டு 15, ஒரு செயலி தன் திரையிற் பெருநெடுக்கப் படம் எவ்வளவு மேலோங்கலாம் என்பதை வரையறுத்துக்கொள்ள வழி செய்தது. உரக்கக் கத்துபவனின் குரலை மேடைக்காரனே தாழ்த்திவிடும் நிலை இது. கத்தி விற்க எண்ணுவோர்க்கு இவ்வழி நெடுநாள் பயன் தராது என்பது என் கருத்து.

இதனினும் பெரிய கேள்வி வாங்குவோரைப் பற்றியது. திரையில் நகை மிளிரும்போது அம்மிளிர்வு எதனுடையது? நகையினுடையதா, கூடத்து விளக்கினுடையதா, நிறம் திருத்தியவர் விரலினுடையதா? குறுநெடுக்கப் படத்தில் பொன் வெளிறித் தோன்றியதால், நேரிற் கண்டவர் ‘படத்தை விட நன்றாயிருக்கிறது’ என்று மகிழ்ந்தார். பெருநெடுக்கத்தில் இது தலைகீழாகலாம். 18 காரட் பொன் 22 காரட் பொன்னை விட வெளிறிய மஞ்சள். கலவையைப் பொறுத்துச் சற்றுச் சிவந்தும் தோன்றும். நிறப்பரப்பு விரிந்துவிட்டமையால், குறைந்த காரட்டை உயர்ந்த காரட்டின் நிறத்துக்கு ஏற்றிக் காட்டுவது இன்று எளிது. முன்னை விட நம்பத்தகுந்த முறையிலும் அதனைச் செய்யலாம். பண்டத்தை உள்ளவாறு காட்டவல்ல கருவியே உள்ளதை மிகைப்படுத்தவும் வல்லதாகிறது. தொலைவிலிருந்து படம் பார்த்தே பணம் கட்டும் இக்காலத்தில் இது வெறும் அழகியல் வினா அன்று. சேமித்த பணத்தில் மகளுக்குத் தாலிச்சங்கிலி வாங்கும் குடும்பம் எதை நம்பி வாங்குகிறது என்பது பற்றிய வினா.

நேர்மையான வணிகர் கடைப்பிடிக்கத்தக்க வழி கடினமானதன்று. நகையை எடுக்கும்போது, நிறம் தெரிந்த ஓர் அட்டையை அருகில் வைத்து முதற்சட்டத்தைப் பிடித்துக்கொள்வர். திருத்தம் செய்கையில் அவ்வட்டை எந்நிறத்தில் வரவேண்டுமோ அந்நிறத்துக்குக் கொணர்ந்தால் பொன்னும் தன் நிறத்துக்கு வந்துவிடும். மிளிர்வை எவ்வளவு விடுவது என்பதை நகையைக் கையிற் பிடித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். பின்னர் அதே படத்தைப் பழைய பெட்டியிலும் ஓட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. பெருநெடுக்கமாக ஏற்றிய படத்தை, அவ்வசதியில்லாத திரைகளுக்கு யூடியூப் தானே குறுநெடுக்கமாக மாற்றி அனுப்புகிறது. அம்மாற்றத்தை இயந்திரத்திடமே விட்டுவிட்டால் ஆரம் மங்கும், அல்லது அணிந்தவர் முகம் கறுக்கும். காண்போரில் ஒரு பகுதியினர் எக்காலமும் குறுநெடுக்கத் திரையிலேயே காண்பர், அவர்களும் வாங்குவோரே. ஆதலின் இரண்டு வடிவத்தையும் கண்ணாற் பார்த்துத் திருத்துவதற்கு ஆகும் கூடுதல் உழைப்பே இம்முறையின் உண்மையான செலவு. கருவியின் விலை ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறது. கண்ணின் உழைப்புக்குக் குறைவில்லை.

சிங்கப்பூருக்கு 1974-லும் மலேசியாவுக்கு 1978-லும் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியிற் கண்ட சேலையின் நிறத்தைக் கடைக்குச் சென்றே அறியவேண்டியிருந்த நிலை அதனால் மாறிற்று. சரிகையின் மிளிர்வை அறிய மட்டும் இன்னும் கடைக்குச் செல்லவேண்டியிருந்தது. அந்த எஞ்சிய தொலைவைத்தான் பெருநெடுக்கம் குறைத்துக்கொண்டு வருகிறது. முழுதும் குறைத்துவிடவில்லை. நகையைத் திருப்பும்போது மிளிர்வு இடம் பெயர்வதைக் காணொளி காட்டும். திருப்பும் கை நம்முடையதாக இராது.